பாட்டு ஒன்று, கணக்கு நோட்டு இரண்டு: கோடி சாப்ட்வேரில் லோக்கல் டேட்டாபேஸும் ஷேர்டு டேட்டாபேஸும்

கோடைக்கானல் மலையில் இருக்கும் பூம்பாறையில் அறுத்துக் காயவைத்த மலைப்பூண்டு மூட்டை மூட்டையாக வடுகபட்டி மண்டிக்கு இறங்குகிறது. எத்தனை மூட்டை, என்ன எடை என்று காட்டுக்காரர் தன் நோட்டில் குறித்திருப்பார். மண்டியில் கமிஷன் கடைக்காரரின் பேரேடு தனி. பூண்டு ஒன்றுதான், கணக்கு இரண்டு. ஒரு நோட்டைப் புரட்டினால் ஒரு தொகை வரும், மற்றதைப் புரட்டினால் வேறு தொகை வரும். அதற்காகப் பூண்டே காணாமல் போய்விட்டது என்று யாரும் கத்துவதில்லை.

பாட்டு சாப்ட்வேரில் மட்டும் கத்துகிறோம். "நேற்று வரைக்கும் டாப் 100 நிறைய இருந்தது, இன்றைக்கு ஒன்றுமே காணோம்" என்பது லோக்கல் டேட்டாபேஸிலிருந்து (ஒரு கருவிக்கு மட்டுமான கணக்கு) ஷேர்டு டேட்டாபேஸுக்கு (எல்லாக் கருவிக்கும் பொதுவான கணக்கு) மாறிய மறுநாள் கேட்கும் வழக்கமான புலம்பல். டாப் 100 என்பது அதிகமுறை ஓடிய பாட்டுகளின் பட்டியல். பாட்டு எங்கேயும் போகவில்லை. திறந்திருக்கும் நோட்டு மாறிவிட்டது, அவ்வளவுதான்.

உதாரணத்துக்குப் பாட்டும் படமும் ஓட்டும் கோடி என்ற சாப்ட்வேரை எடுத்துக்கொள்வோம். எக்ஸ்பிஎம்சி என்று இருந்ததுதான் 2014இல் கோடி ஆனது. நம் கோடைக்கானலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இலவசம். விண்டோஸ் லேப்டாப், ஆண்ட்ராய்டு டிவி பாக்ஸ், ராஸ்பெரி பை என எதிலும் ஓடும். இரண்டு வகை டேட்டாபேஸுக்கும் அதில் வழி உண்டு என்பதால் இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள அதைவிட வசதியான உதாரணம் கிடைக்காது.

பெருமாள்மலைப் பக்கம் ஒரு ஹோம்ஸ்டே என்று வையுங்கள். ஹாலில் டிவியோடு ஒரு ராஸ்பெரி பை, சாப்பாட்டு அறையில் ஆண்ட்ராய்டு பாக்ஸ், ஆபீஸ் ரூமில் லேப்டாப். பாட்டு முழுக்க அலமாரியில் இருக்கும் நாஸ் பெட்டியில், அதாவது நெட்வொர்க்கில் மாட்டிய ஹார்டுடிஸ்க்கில். மூன்று கருவியும் அதே பெட்டியிலிருந்துதான் பாட்டை எடுத்து ஓட்டுகின்றன. ஆனால் ஹாலில் டாப் 100ஐத் திறந்தால் முதல் பாட்டு 42 முறை ஓடியிருக்கிறது. சாப்பாட்டு அறையில் அதே பாட்டு 17. லேப்டாப்பில் 3. மூன்றும் பொய்யில்லை. மூன்றும் தத்தம் அறையில் ஓடியதை மட்டும் எழுதிக்கொண்ட நோட்டுகள்.

எது பாட்டில் இருக்கிறது, எது நோட்டில் இருக்கிறது

பாட்டின் பெயர், பாடகர், ஆல்பம், வருடம் எல்லாம் பாட்டு ஃபைலுக்குள்ளேயே டேக் என்ற பெயரில் எழுதப்பட்டிருக்கும். ஃபைலைப் பென்டிரைவில் காப்பி செய்து வத்தலக்குண்டுக்கு எடுத்துப்போனாலும் அது கூடவே போகும். கோடி அந்த டேக்கைப் படித்துத் தன் டேட்டாபேஸில் ஒரு நகல் எழுதிக்கொள்கிறது. ஸ்கேன் என்பது இந்த வேலைதான்.

எத்தனை முறை ஓடியது, கடைசியாக எப்போது ஓடியது, நீங்கள் கொடுத்த ரேட்டிங் என்ன என்பவை வேறு ரகம். இவற்றைக் கோடி நோட்டில் மட்டும்தான் எழுதுகிறது. ஃபைலைத் தொடுவதில்லை. ஆகவே நோட்டு மாறினால் டேக்கை மறுபடி ஸ்கேன் செய்து மீட்டுவிடலாம், ஓடிய கணக்கை ஸ்கேன் செய்து மீட்க முடியாது. டேட்டாபேஸ் மாற்றத்தில் நிஜமாகவே கவலைப்பட வேண்டிய ஒரே இடம் இதுதான்.

ரிப்போர்ட் என்று நாம் சொல்வதைக் கோடி எங்கும் எழுதி வைப்பதில்லை. டாப் 100, சமீபத்தில் ஓடியவை, நீங்களே விதி போட்டு உண்டாக்கும் ஸ்மார்ட் பிளேலிஸ்ட் எல்லாமே திறக்கும் நொடியில் டேட்டாபேஸைக் கேட்டுக் கூட்டிக் கழித்துக் காட்டுபவை. எந்த நோட்டு திறந்திருக்கிறதோ அந்த நோட்டின் தொகைதான் திரையில் வரும்.

எண்ணிக்கை ஏறும் விதத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். இதைத் தெரியாமல் நோட்டைக் குறை சொல்பவர்கள் நிறைய. பாட்டின் 90 சதவீதம் ஓடினால்தான் கோடி ஒன்று கூட்டும். 5 நிமிடப் பாட்டில் 4 நிமிடம் கேட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவினால் கணக்கில் ஏறாது. ஸ்கேன் செய்து லைப்ரரியில், அதாவது கோடியின் பாட்டுப் பட்டியலில், சேர்க்காத ஃபைலும் ஏறாது. ரேடியோ ஸ்ட்ரீமும் அப்படியே: நாள் முழுக்க ரேடியோ ஓடினாலும் டாப் 100இல் ஒரு வரிகூட வராது.

லோக்கல் டேட்டாபேஸ்

கோடியை நிறுவியதும் கிடைப்பது இதுதான். கோடி தன் செட்டிங்ஸை வைத்துக்கொள்ளும் யூசர்டேட்டா ஃபோல்டருக்குள் டேட்டாபேஸ் என்று ஒரு ஃபோல்டர், அதற்குள் மைமியூசிக் என்று தொடங்கி ஓர் எண்ணோடு முடியும் ஒரே ஃபைல். கோடி 20இல் அந்த எண் 82, கோடி 21இல் 83. எண்ணை மனதில் வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

இந்த ஃபைல் எஸ்கியூலைட் வகை. தனி சர்வர் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், நெட்வொர்க் செத்தாலும் லிஸ்ட் திறக்கும், ரிப்போர்ட் வரும். ஒரே ஒரு டிவி, ஒரே ஒரு பாக்ஸ் இருக்கும் வீட்டுக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. ஷேர்டு என்ற சொல்லைக் கேட்டதும் சபலப்பட வேண்டாம்.

"அந்த ஒரே ஃபைலை நாஸில் வைத்து மூன்று கருவியும் அதையே திறந்தால் போதாதா?" என்ற யோசனை எல்லோருக்கும் வரும். கூடாது. இரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் எழுத வந்தால் ஒன்று எழுதி முடிக்கும்வரை மற்றது காத்திருக்க வேண்டும். அதற்கு எஸ்கியூலைட் ஃபைல் பூட்டை நம்பியிருக்கிறது. நெட்வொர்க் ஷேரில் அந்தப் பூட்டு ஒழுங்காக விழும் என்று நம்ப முடியாது. இருவர் ஒரே வரியில் ஒரே நேரத்தில் எழுதிய நோட்டு எப்படி இருக்குமோ அப்படி ஆகிவிடும். சில வாரம் நன்றாக ஓடும், ஒருநாள் ஃபைல் கெட்டுவிட்டது என்று லாகில், அதாவது கோடி தன் நடப்பைக் குறித்துவைக்கும் ஃபைலில், வரும்.

ஷேர்டு டேட்டாபேஸ்

கமிஷன் கடையில் பேரேட்டை யார் வேண்டுமானாலும் எடுத்து எழுத முடியாது. கணக்குப்பிள்ளை ஒருவர் உட்கார்ந்திருப்பார். எல்லோரும் அவரிடம் சொல்ல, அவர் எழுதுவார். அந்தக் கணக்குப்பிள்ளைதான் டேட்டாபேஸ் சர்வர். கோடிக்கு மரியாடிபி அல்லது மைஎஸ்கியூஎல் வேண்டும். மரியாடிபியே போதும். (மை, மரியா இரண்டும் அதை உருவாக்கியவருடைய பெண்களின் பெயர்கள்.)

சர்வர் எந்நேரமும் எரிந்துகொண்டிருக்கும் கருவியில் இருக்க வேண்டும். பாட்டு இருக்கும் நாஸிலேயே மரியாடிபி நிறுவ முடிந்தால் அதுதான் நல்லது, ஏனென்றால் பாட்டும் கணக்கும் ஒன்றாக எழுந்து ஒன்றாகப் படுக்கும். பழைய லேப்டாப்பும் ஆகும், பேட்டரியே பாதி யுபிஎஸ் வேலையைச் செய்துவிடும். ராஸ்பெரி பையில் வைப்பதானால் மெமரி கார்டில் வைக்காமல் யுஎஸ்பி எஸ்எஸ்டியில் வையுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் முதலில் சாவது மெமரி கார்டுதான்.

நிறுவியதும் மூன்று வேலை. டெபியன் வகை லினக்ஸில் மரியாடிபி முதலில் தன் சொந்தக் கருவிக்கு மட்டுமே காது கொடுக்கும். கான்ஃபிக் ஃபைலில் பைண்ட் அட்ரஸ் என்ற வரியில் 127.0.0.1 இருக்கும், அதை 0.0.0.0 என்று மாற்றி சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். "சர்வர் ஓடுகிறது, ஆனால் கோடி கண்டுபிடிக்கவில்லை" என்றால் பத்தில் எட்டு முறை இந்த வரிதான் காரணமாக இருக்கும். அதே ஃபைலில் ஸ்கிப் நேம் ரிசால்வ் என்ற வரியையும் சேருங்கள். இல்லையென்றால் யார் கதவைத் தட்டுகிறார்கள் என்று சர்வர் பெயர் தேடிக்கொண்டிருக்கும், லிஸ்ட் திறக்கத் தாமதமாகும்.

இரண்டாவது, கோடிக்கென்று ஒரு யூசர். டேட்டாபேஸை நீங்கள் உண்டாக்க வேண்டாம், கோடியே உண்டாக்கிக்கொள்ளும்; அதற்கு அனுமதி மட்டும் இருக்க வேண்டும். எல்லா அதிகாரத்தையும் தூக்கிக் கொடுக்க மனமில்லை என்றால் மைமியூசிக் என்று தொடங்கும் டேட்டாபேஸ்களுக்கு மட்டும் முழு அனுமதி கொடுங்கள். 83 என்று எண் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த வெர்ஷனில் எண் மாறும்போது கோடி புது டேட்டாபேஸ் உண்டாக்க முடியாமல் நிற்கும்.

மூன்றாவது, சர்வருக்கு மாறாத ஐபி, அதாவது நெட்வொர்க் முகவரி. ரவுட்டரில் ஐபி பங்கிடும் டிஹெச்சிபி பக்கத்தில் ரிசர்வேஷன் என்று இருக்கும், அதில் 192.168.1.10 என்பதுபோல ஒன்றை சர்வருக்கே ஒதுக்குங்கள். மலையில் இது எவ்வளவு முக்கியம் என்பதைக் கீழே பார்ப்போம்.

மாறுவது எப்படி

கோடியின் செட்டிங்ஸில் எங்கு தேடினாலும் இதற்கு ஸ்விட்ச் கிடையாது. யூசர்டேட்டா ஃபோல்டரில் அட்வான்ஸ்டுசெட்டிங்ஸ் என்ற பெயரில் ஓர் எக்ஸ்எம்எல் ஃபைல் இருந்தால் கோடி திறக்கும்போது அதைப் படிக்கும். இல்லாவிட்டால் லோக்கலில் ஓடும். அந்த ஃபைல்தான் ஸ்விட்ச்.

உள்ளே எழுத வேண்டியது கொஞ்சம்தான். வெளியே அட்வான்ஸ்டுசெட்டிங்ஸ் டேக் (பாட்டின் டேக் அல்ல, எக்ஸ்எம்எல்லில் கோண அடைப்புக்குறிக்குள் எழுதும் பெயர்), அதற்குள் மியூசிக்டேட்டாபேஸ் டேக், அதற்குள் ஐந்து வரி: டைப் என்பதில் மைஎஸ்கியூஎல் (மரியாடிபிக்கும் இதேதான்), ஹோஸ்ட் என்பதில் சர்வர் ஐபி, போர்ட் என்பதில் 3306, பிறகு யூசர், பாஸ். டேக் எல்லாம் சின்ன எழுத்தில். பாஸ்வேர்டில் & குறி வைக்காதீர்கள்; எக்ஸ்எம்எல்லில் அதற்குத் தனி அர்த்தம் உண்டு, முழு ஃபைலும் செல்லாமல் போய்விடும். விண்டோஸ் நோட்பேடில் சேமித்தால் பெயரின் வாலில் டெக்ஸ்ட் என்று இன்னொரு எக்ஸ்டென்ஷன் ஒட்டிக்கொள்ளும், விண்டோஸ் அதைக் காட்டாமல் மறைத்தும் வைக்கும். எக்ஸ்ப்ளோரரில் எக்ஸ்டென்ஷன் தெரியும்படி வைத்துக்கொண்டு பாருங்கள். ஹாலில் இருக்கும் ராஸ்பெரி பையில் லிப்ரீஎலெக் (கோடியை ஓட்டுவதற்கென்றே உள்ள லினக்ஸ்) ஓடுகிறது என்றால் யூசர்டேட்டா ஃபோல்டர் நெட்வொர்க் ஷேராகவே தெரியும். லேப்டாப்பிலிருந்து ஃபைலை இழுத்துப் போட்டால் முடிந்தது.

மாறுவதற்கு முன்னால் லோக்கலில் சேர்ந்திருக்கும் கணக்கை வெளியே எடுத்துவிடுங்கள். செட்டிங்ஸ், மீடியா, லைப்ரரி என்று போனால் மியூசிக் லைப்ரரியை எக்ஸ்போர்ட் செய்யும் இடம் வரும். அதில் ஒரே ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்யும் வகையைத் தேர்ந்தெடுத்து, பாட்டுகளின் ஓடிய வரலாறும் சேரும்படி டிக் செய்யுங்கள். பிறகு கோடியை மூடி, எக்ஸ்எம்எல் ஃபைலை வைத்து, மறுபடி திறந்தால் லைப்ரரி காலியாக இருக்கும். பயப்பட வேண்டாம், புது நோட்டின் முதல் பக்கம் அது. பாட்டு ஃபோல்டரை ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேன் முடிந்த பிறகு, எக்ஸ்போர்ட் செய்த ஃபைலை இம்போர்ட் செய்யுங்கள். வரிசை மாறினால் பலனில்லை: பாட்டே இல்லாத நோட்டில் அதன் கணக்கை எங்கே எழுதும்?

ஹாலின் 42, சாப்பாட்டு அறையின் 17, லேப்டாப்பின் 3, ஆக 62 என்று கோடி தானாகக் கூட்டிக்கொள்ளாது. மூன்றையும் இம்போர்ட் செய்து குழப்புவதைவிட எதில் நீண்ட வரலாறு இருக்கிறதோ அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவதே நல்லது. இங்கே ஹால் பெட்டியுடையது. இரண்டு மாதம் ஓடினால் புதுக்கணக்கே உண்மை நிலவரத்தைக் காட்டத் தொடங்கிவிடும்.

மீண்டும் லோக்கலுக்குத் திரும்ப வேண்டுமா? எக்ஸ்எம்எல் ஃபைலின் பெயரை மாற்றி, உதாரணமாக முன்னால் ஓர் எழுத்து சேர்த்து, கோடியை மூடித் திறங்கள். பழைய லோக்கல் ஃபைலை யாரும் அழிக்கவில்லை. நீங்கள் விட்ட அன்று எப்படி இருந்ததோ அப்படியே எழுந்து வரும். இடையில் பொது நோட்டில் எழுதியது எதுவும் அதில் இருக்காது.

இப்போது எந்த நோட்டு திறந்திருக்கிறது?

திரையில் எழுதியிருக்காது. ஆனால் அறிகுறி தெளிவாக இருக்கும்.

லைப்ரரி மொத்தமும் காலி என்றால், கோடி ஃபைலைப் படித்துவிட்டது, சர்வரைத்தான் பிடிக்க முடியவில்லை (அல்லது புது டேட்டாபேஸில் இன்னும் ஸ்கேன் செய்யவில்லை). சர்வர் கிடைக்கவில்லை என்பதற்காகக் கோடி தானே லோக்கலுக்கு வந்துவிடாது. இதற்கு நேர்மாறாக, பழைய 42 அப்படியே நிற்கிறது, மற்ற அறையில் ஓட்டியது எதுவும் சேரவில்லை என்றால் கோடி அந்த எக்ஸ்எம்எல் ஃபைலையே படிக்கவில்லை: பெயர் தப்பு, இடம் தப்பு, அல்லது ஒரு டேக் மூடாமல் கிடக்கிறது. காலி என்றால் சர்வர் பக்கம் போங்கள், பழைய எண் என்றால் ஃபைல் பக்கம் போங்கள். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் அரை மணி நேர அலைச்சல் மிச்சம்.

சந்தேகம் தீரவில்லை என்றால் ஒரு சோதனை. டேட்டாபேஸ் ஃபோல்டரைத் திறந்து மைமியூசிக் ஃபைல் கடைசியாக மாறிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சின்னப் பாட்டு ஒன்றைக் கடைசிவரை ஓட விடுங்கள். ஃபோல்டரை ரிஃப்ரெஷ் செய்து பாருங்கள். நேரம் மாறியிருந்தால் லோக்கல். அசையாமல் இருந்தால் எழுத்து வேறெங்கோ போகிறது.

லாக் ஃபைலில் சர்வரோடு சேர்ந்தால் மைஎஸ்கியூஎல் வெர்ஷனோடு கனெக்ட் ஆனதாக ஒரு வரி இருக்கும். சேரவில்லை என்றால் டேட்டாபேஸைத் திறக்க முடியவில்லை என்ற வரியில் ஓர் எண் வரும். 2003 என்றால் சர்வர் எட்டவில்லை: ஐபி, ஃபயர்வால், பைண்ட் அட்ரஸ் மூன்றையும் பாருங்கள். 1045 என்றால் எட்டியது, ஆனால் யூசரோ பாஸ்வேர்டோ தப்பு.

மலையில் வரும் தொல்லை

ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் விழுந்து கரண்ட் போவது இங்கே செய்தியே இல்லை. கரண்ட் திரும்பும்போது எல்லாக் கருவியும் ஒரே நேரத்தில் எழும். ரவுட்டர் புதிதாக ஐபி பங்கிடும். ரிசர்வேஷன் இல்லையென்றால் நேற்று சர்வரிடம் இருந்த ஐபி இன்றைக்கு விருந்தாளி ஒருவரின் போனுக்குப் போயிருக்கலாம். கோடி அந்தப் போனின் கதவைத் தட்டி 2003 என்று லாகில் எழுதிக்கொண்டிருக்கும். நாம் ரிப்போர்ட் அழிந்துவிட்டது என்று நினைப்போம்.

ஐபி சரியாக இருந்தாலும் எழும் வரிசை தப்பாகலாம். டிவி பாக்ஸ் அரை நிமிடத்தில் தயார். நாஸ் எழுந்து, டிஸ்க் சுற்றி, மரியாடிபி ஓட இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். அதற்குள் கோடி திறந்திருந்தால் காலி லைப்ரரிதான். மருந்து எளிது, கோடியை மூடித் திறங்கள். லிப்ரீஎலெக்கில் நெட்வொர்க் வரும்வரை காத்திருக்கும் ஆப்ஷன் உண்டு, ஆன் செய்து நேரத்தைக் கூட்டி வையுங்கள். ஆனால் அது நெட்வொர்க்குக்குத்தான் காத்திருக்கும், சர்வருக்கு அல்ல. ரவுட்டருக்கும் நாஸுக்கும் சேர்த்து 600 விஏ யுபிஎஸ் ஒன்று மாட்டினால் சின்ன வெட்டுகள் எல்லாம் தெரியாமலே போய்விடும். மூன்று பெட்டிக்கும் யுபிஎஸ் தேவையில்லை.

கடிகாரத்தையும் பாருங்கள். ராஸ்பெரி பை 4 வரைக்கும் உள்ள மாடல்களில் பேட்டரிக் கடிகாரமே கிடையாது. இன்டர்நெட்டிலிருந்துதான் நேரத்தை எடுக்கும். கரண்ட் வந்து இன்டர்நெட் லைன் வராத நாளில் அது பழைய தேதியிலேயே நிற்கும். கடைசியாக ஓடிய தேதியை வைத்துக் கணக்குப் போடும் எந்த ரிப்போர்ட்டும் அன்று உளறும். இன்று ஓட்டிய பாட்டு சமீபத்தில் ஓடியவற்றில் இல்லை என்றால் டேட்டாபேஸைக் கலைப்பதற்கு முன் பெட்டியிலும் சர்வரிலும் தேதி என்ன என்று பாருங்கள்.

தனித்தனிக் காட்டேஜாக இருக்கும் இடத்தில் கட்டிடத்துக்குக் கட்டிடம் செம்பு லேன் கேபிள் இழுப்பதை யோசித்துச் செய்யுங்கள். 100 மீட்டர் வரம்பு ஒருபுறம். இடி விழும் நாளில் அந்தக் கேபிள் வழியாக ஸ்விட்ச் போர்ட் எரிவது இன்னொரு புறம். ஃபைபர் நிம்மதி.

இரட்டைப் பாட்டு, பிரிந்த நோட்டு, துடைத்த நோட்டு

ஷேர்டு டேட்டாபேஸ் ஒவ்வொரு பாட்டையும் அதன் பாதையோடு எழுதிக்கொள்கிறது. ஹால் பெட்டியில் நாஸை ஐபி கொடுத்துச் சேர்த்தீர்கள், லேப்டாப்பில் நாஸின் பெயரைக் கொடுத்துச் சேர்த்தீர்கள் என்றால் கோடிக்கு அவை இரண்டு வேறு ஊர். ஒரே பாட்டு இரண்டு முறை ஏறும், ரிப்போர்ட்டில் 30 ஒரு வரியிலும் 12 ஒரு வரியிலும் நிற்கும். லேப்டாப்பின் சொந்த டிரைவ் எழுத்தில் தொடங்கும் பாதை அதைவிட மோசம், அந்தப் பாட்டை மற்ற கருவிகளால் ஓட்டவே முடியாது. எல்லாக் கருவியிலும் ஒரே எழுத்து, ஒரே வடிவம், ஐபி என்றால் எல்லாவற்றிலும் ஐபி. நாஸின் யூசர், பாஸ்வேர்டு மட்டும் ஒவ்வொரு கருவியிலும் ஒருமுறை கேட்கும், அது டேட்டாபேஸில் சேராது.

எஸ்பிபி ஓரிடத்தில், எஸ்.பி.பாலசுப்ரமணியம் ஓரிடத்தில், எஸ்.பி.பாலசுப்பிரமணியம் ஓரிடத்தில் என்று ஒரே பாடகர் மூன்று பேராகத் தெரிவது இதோடு சேர்த்தி இல்லை. அது டேக்கின் குற்றம். எந்த நோட்டுக்கு மாறினாலும் மூவரும் கூடவே வருவார்கள். டேக் எடிட்டரில் திருத்தி மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும்.

வெர்ஷன் எண் சங்கதிக்கு வருவோம். ஹால் பெட்டியில் கோடி 20, லேப்டாப் தானாக 21க்கு அப்டேட் ஆகிவிட்டது. 21 வந்ததும் சர்வரில் இருக்கும் 82ஐப் பார்த்து அதன் நகலாக 83 என்று புது டேட்டாபேஸ் உண்டாக்கி அதில் எழுத ஆரம்பிக்கும். ஹால் 82இலேயே எழுதிக்கொண்டிருக்கும். அன்றுவரை கணக்கு ஒன்று, மறுநாளிலிருந்து இரண்டு. ஷேர்டு என்று நினைத்துக்கொண்டிருப்போம், எர்ரர் எதுவும் வராது, லைப்ரரியும் காலியாகாது. அதனால்தான் இதைக் கண்டுபிடிக்க மாதக்கணக்காகிறது. ஆண்ட்ராய்டு பாக்ஸிலும் லேப்டாப்பிலும் ஆட்டோ அப்டேட்டை நிறுத்திவிட்டு, மாற்றினால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றுங்கள்.

கிளீன் லைப்ரரி என்ற பட்டனைப் பற்றி எச்சரிக்காமல் விட முடியாது. இல்லாத ஃபைல்களை நோட்டிலிருந்து அடிக்கும் வேலை அதனுடையது. நாஸின் பாட்டு ஷேர் எழாத நேரத்தில், மரியாடிபி மட்டும் வேறு கருவியில் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை அழுத்தினால், கோடி பார்க்கும் இடத்தில் எந்தப் பாட்டும் இருக்காது. அடித்துவிடும், ஓடிய கணக்கும் சேர்ந்து போகும், அதுவும் மூன்று அறைக்கும் சேர்த்து. லோக்கலில் ஒருவர் தவறு ஒருவரோடு போகும். பொது நோட்டில் அப்படியில்லை. ஸ்கேன், கிளீன் இரண்டையும் ஆபீஸ் லேப்டாப்பில் மட்டும் செய்வது என்று வைத்துக்கொண்டு, மற்றக் கருவிகளில் திறக்கும்போதே ஸ்கேன் செய்யும் ஆப்ஷனை நிறுத்திவிடுங்கள். வாரம் ஒருமுறை மரியாடிபியின் டம்ப் கமாண்டால் ஒரு பேக்கப் எடுத்து வைத்தால், பத்தாயிரம் பாட்டுக்கும்கூட பெரிய இடம் பிடிக்காது.

ஷேர் ஆகாதவை

ஸ்மார்ட் பிளேலிஸ்ட்டின் விதிகள் டேட்டாபேஸில் இல்லை. அந்தந்தக் கருவியின் யூசர்டேட்டாவில் பிளேலிஸ்ட் ஃபோல்டரில் சின்ன ஃபைலாக இருக்கின்றன. 30 நாளாக ஓடாத பாட்டு என்று லேப்டாப்பில் ஒரு விதி போட்டால் ஹாலில் அது தெரியாது. ஃபைலைக் காப்பி செய்து ஹால் பெட்டியின் அதே ஃபோல்டரில் போட்டால் தெரியும், தொகையும் ஒன்றாக வரும். ஆல்பம் படங்களின் தற்காலிகச் சேமிப்பும் கருவிக்குக் கருவி தனி. ஷேர்டுக்கு மாறிய முதல் நாள் சாப்பாட்டு அறையில் படங்கள் ஒவ்வொன்றாக மெல்ல வருவது அதனால்தான்.

யார் ஓட்டினார்கள் என்பதும் இதில் கிடையாது. பொது நோட்டில் 42 என்றால் ஹாலில் எத்தனை, சாப்பாட்டு அறையில் எத்தனை என்று பிரித்துக் கேட்க முடியாது. எண் ஒன்றுதான் எழுதப்படுகிறது. குழந்தைகள் ஒரே பாட்டை முப்பது முறை ஓட்டினால் வீட்டு டாப் 100இல் அதுதான் முதலில் நிற்கும். இது பிடிக்காதவர்கள் குழந்தைகள் கருவியை மட்டும் லோக்கலிலேயே விட்டுவிடலாம். மூன்றில் இரண்டு ஷேர்டு, ஒன்று லோக்கல் என்று இருப்பதில் எந்தத் தடையும் இல்லை.

லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அடிக்கடி கீழே இறங்குபவர்களுக்கு ஒரு யோசனை. அதில் ஷேர்டு மட்டும் இருந்தால் மலையடிவாரத்துக் காட்ரோடு தாண்டியதும் லைப்ரரி காலிதான். கிளம்புவதற்கு முன் எக்ஸ்எம்எல் பெயரை மாற்றி, லேப்டாப்பின் டிஸ்க்கில் காப்பி செய்த பாட்டுகளை லோக்கலில் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். திரும்பி வந்ததும் பெயரைப் பழையபடி வைத்து, கோடியை மூடித் திறங்கள். வழியில் கேட்டது பொதுக் கணக்கில் ஏறாது. ஏற வேண்டும் என்று எக்ஸ்போர்ட், இம்போர்ட் செய்யப் போனால் லேப்டாப் டிஸ்க்கில் இருக்கும் காப்பியின் கணக்கு நாஸில் இருக்கும் பாட்டோடு சேரும் என்பதற்கு உறுதியில்லை. அந்த நாலு நாள் பாட்டை அப்படியே விட்டுவிடுங்கள்.